கைபேசிச் செய்திக்கும் சான்றட்டை கேளுங்கள்

(இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



சான்று பெற்ற விதை வாங்கும்போது பையில் நீல நிற அட்டை தைத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறீர்கள். பயிர், இரகம், குவியல் எண், பரிசோதித்த நாள், காலக்கெடு ஆகிய விவரங்களை அந்த அட்டையில் காணலாம். அட்டை இல்லாத விதையை நிலத்தில் போட மனம் வருவதில்லை. ஆனால் கைபேசியில் வரும் வேளாண் செய்தியை நாம் அவ்வாறு பார்ப்பதில்லை. யாரோ அனுப்பியதை யாரோ மறுபடி அனுப்ப, அன்று மாலையே மருந்துக் கடைக்குப் புறப்பட்டு விடுகிறோம். இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இணையமும் கைபேசியும் உழவருக்கு வேண்டாதவை என்று சொல்ல நான் வரவில்லை. மண்வெட்டி, தெளிப்பான் போல அவையும் உழவருக்கு வேண்டிய கருவிகள் என்பது என் கருத்து. ஆனால் எந்தக் கருவியையும் அதன் போக்கறிந்து பிடிக்க வேண்டும்.

முன் அனுபவம் கூறுவது என்ன?

1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் இரகம் வேகமாகப் பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு உழவர்கள் அதைப் பயிரிட்டதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. ஆனால் வானொலி மட்டுமே இதைச் செய்து விடவில்லை. தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் அப்போது தஞ்சையில் நடைபெற்று வந்தது. விதை, உரம், கடன் ஆகியவற்றுக்கு ஏற்பாடு இருந்தது. சந்தேகம் கேட்டால் வயலுக்கு வந்து சொல்ல விரிவாக்கப் பணியாளர் இருந்தார்.

1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கடல் அலையின் உயரம் பற்றிய செய்தியை இணையத்திலிருந்து எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கி மூலம் தமிழில் அறிவித்தார்கள். செய்தியை ஊருக்கு ஏற்றபடி எடுத்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்ததால் அது பயன்பட்டது.

இன்று உங்கள் சட்டைப் பையிலேயே செய்தி வந்து விடுகிறது. இடையில் நின்று சலித்துக் கொடுப்பவர்தான் இல்லை. அந்த வேலையை இனி நாமே செய்ய வேண்டும்.

படத்தில் பார்ப்பது வேறு

இதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, வத்திராயிருப்புப் பக்கம் உள்ள கூமாபட்டி, 2025 ஜூன் மாதத்தில் சமூக ஊடகக் காணொளிகளால் நாடறிந்த ஊராயிற்று. படத்தில் கண்ட தண்ணீரையும் பசுமையையும் நம்பி வெளியூர்க்காரர்கள் திரண்டு வந்தார்கள். பிளவக்கல் அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்பது வந்த பிறகே பலருக்குத் தெரிந்தது. சுற்றுலாவுக்கு வந்தவருக்கு ஒருநாள் அலைச்சலோடு போயிற்று. பயிர் விஷயத்தில் இப்படி நேர்ந்தால் ஒரு போகமே போய்விடும்.

தென்னையில் வெள்ளை ஈ

சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர் தென்னை வளரும் பிற பகுதிகளுக்கும் பரவியது. ஓலையின் அடிப்புறம் வெண்மையாகவும், மேற்புறம் கரும்பூசணம் படர்ந்தும் இருப்பதைக் கண்டால் யாருக்கும் பதற்றம் வரும். அந்த நேரத்தில் "இந்த மருந்தை அடியுங்கள், ஒரே வாரத்தில் ஈ போய்விடும்" என்று ஒரு செய்தி வந்தால் நம்பத் தோன்றும்.

ஆனால் இந்த ஈயை அடக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி நம் தோப்புகளிலேயே இருக்கிறது. கடுமையான பூச்சிக்கொல்லி தெளித்தால் முதலில் அழிவது இந்த நன்மை செய்யும் பூச்சிதான். பிறகு ஈ முன்னிலும் அதிகமாகப் பெருகும். எனவே, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டுதல், ஓலையின் அடிப்புறம் படுமாறு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுதல், கரும்பூசணம் உதிர ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவு வீதம் பசை காய்ச்சித் தெளித்தல் ஆகியவையே ஏற்ற முறைகள். இவற்றுக்குச் செலவும் குறைவு.

அட்டையில் இருக்க வேண்டிய நான்கு விவரங்கள்

கைபேசியில் வரும் எந்தச் சிபாரிசிலும் பின்வரும் நான்கு விவரங்கள் உள்ளனவா என்று பாருங்கள்.

1. யார் சொன்னது? பெயரும் பொறுப்பும் இருக்க வேண்டும். மருந்து விற்பவரே சொல்கிறார் என்றால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

2. எந்த ஊருக்கு, எந்தப் பருவத்துக்கு? நம் பகுதியில் கோடை இறவைப் பருத்தியை பிப்ரவரி, மார்ச்சில் விதைக்கிறோம். பிற மாநிலங்களில் ஜூன், ஜூலை மழைக்கு விதைக்கும் பருத்திக்கான காணொளி நமக்கு நாள் கணக்கில் பொருந்தாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கும்போது அங்கே கேட்காமல் இருக்கலாமா?

3. எந்தத் தேதியில் சொன்னது? மூன்று ஆண்டுக்கு முந்தைய மழை எச்சரிக்கையும் மானிய அறிவிப்பும் இன்று வந்தவை போலவே சுற்றிக்கொண்டிருக்கும்.

4. எந்த அளவில்? ஏக்கருக்கா, எக்டருக்கா? எக்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். இதைக் கவனிக்காமல் விட்டால் மருந்து இரண்டரை மடங்காகிவிடும்.

நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அச்செய்தியைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

மங்கலாக எடுத்த ஓர் இலைப் படத்தை அனுப்பி "என்ன நோய்?" என்று கேட்டால் எந்த வல்லுநராலும் சரியாகச் சொல்ல இயலாது. இலை மஞ்சளாவதற்குத் தழைச்சத்துக் குறை, இரும்புச்சத்துக் குறை, வேரில் நீர் தேங்குதல் எனப் பல காரணங்கள் உண்டு. தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தால் குருத்து இலைகள் முதலில் வெளுக்கும். ஓர் இலையின் படத்தில் இந்த வேறுபாடு தெரியாது.

ஆகவே வயல் முழுவதையும், ஒரு முழுச் செடியையும், இலையின் இரு புறங்களையும் தனித்தனியே படம் எடுங்கள். இரகம், விதைத்த நாள், கடைசியாக இட்ட உரம், தெளித்த மருந்து, பாய்ச்சிய தண்ணீர் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள். இவ்வளவு விவரத்தோடு கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

விலை விசாரிக்கும்போது

கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைபேசி வசதி படிப்படியாக வந்தது. மீனவர்கள் கரை சேரும் முன்பே பல துறைகளில் விலை கேட்டு, வாங்க ஆள் உள்ள இடத்தில் இறக்கினார்கள். மீன் வீணாவது நின்றது. அவர்கள் வருவாய் கூடியது. வாங்குவோருக்கும் விலை சற்றுக் குறைந்தது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது.

இராசபாளையம் மாங்காய்க்கும் இதே வழி உண்டு. ஆனால் விலையை மட்டும் பார்க்காமல் செலவையும் கணக்கிட வேண்டும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். உங்களிடம் 2 டன் காய் உள்ளது. தோட்டத்திலேயே கிலோ 20 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். வெளியூர்ச் சந்தையில் 24 ரூபாய் என்று கைபேசி காட்டுகிறது. கூடுதலாக 8,000 ரூபாய் கிடைக்கும் என்று தோன்றும். லாரி வாடகை 4,500, ஏற்றி இறக்கும் கூலி 1,000, விற்ற தொகை 48,000க்கு நூற்றுக்கு ஐந்து வீதம் கமிஷன் 2,400 என்று கழித்தால் மிஞ்சுவது 100 ரூபாய்தான். வழியில் ஒரு கூடை நசுங்கினால் அதுவும் இல்லை. நால்வர் சேர்ந்து ஒரே லாரியில் முழுப் பாரம் ஏற்றினால் வாடகை குறைந்து கணக்கு மாறும். வாட்ஸ்அப் குழுவை இதற்குப் பயன்படுத்துங்கள்.

பணத்தில் எச்சரிக்கை

பிரதமரின் உழவர் உதவித் தொகை, பயிர்க் காப்பீடு, மானியம் என்ற பெயர்களில் செயலிக் கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, தொட்டவுடன் வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி நடக்கிறது. இத்தகைய கோப்பை எவர் அனுப்பினாலும் திறக்காதீர்கள். ஒருமுறைக் கடவு எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். தாமதமின்றிச் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

நம்பிக் கேட்கும் இடங்கள்

2004 முதல் இயங்கி வரும் உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசு 2018இல் தொடங்கிய 'உழவன்' செயலியில் மானியம், விலை, வானிலை விவரங்கள் உள்ளன. இந்திய வானிலைத் துறையின் 'மேகதூத்' செயலி 2019இல் வந்தது. மலையடிவாரத்தில் பெய்யும் மழை கிழக்கே உள்ள கரிசலில் பெய்யாமலும் போகலாம். எனவே முன்னறிவிப்பைப் பார்த்த பின் வானத்தையும் பாருங்கள்.

இவற்றுக்கும் மேலாக, உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் மறந்து விடாதீர்கள். வயலில் வந்து நின்று செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பவர் சொல்லும் சொல்லுக்கு ஈடு இல்லை.

ஆகவே, உழவர் பெருமக்கள் தங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இந்த நான்கு விவரங்களையும் ஒரு விதியாக வைத்துக்கொண்டு, அவை இல்லாத செய்தியை அனுப்பியவரிடமே திருப்பிக் கேட்டு, வீண் செலவைத் தவிர்த்துப் பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறேன்.