டாக்டரின் நேரம்

ஒரு மருத்துவமனையில் விலை அதிகமானது எது? கருவிகள் என்று நினைப்போம். உண்மையில் அது டாக்டரின் நேரம்.

அதை மிச்சப்படுத்திய ஓர் இடத்தைச் சொல்கிறேன். மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் காய் நறுக்க உட்கார மாட்டார். அதற்கு வேறு ஆள் உண்டு. அரவிந்திலும் அப்படித்தான். பார்வையைச் சோதிப்பது, சொட்டு மருந்து விடுவது எல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களின் வேலை. டாக்டர் ஒரு அறுவையை முடித்துத் திரும்பினால், பக்கத்து மேசையில் அடுத்தவர் தயார். டாக்டரின் நேரம் மிச்சம். அதனால் செலவும் மிச்சம்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டுச் சரக்காக இருந்தது. விலை எட்டாது. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, அதையும் மதுரையிலேயே செய்தார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. சிகிச்சை இலவசம் என்ற பிறகும் பலர் வரவில்லை. ஏன்? பஸ்ஸுக்குக் காசில்லை. கூட வர ஆளில்லை. பயம் வேறு. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கிராமங்களில் நடத்திய கண் முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துவந்தார்கள். சாப்பாடும் போட்டார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று பொறுமையாக விளக்கவும் ஒருவரை வைத்தார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை அவரிடம் கேட்கலாம். நீங்கள் போகும் மருத்துவமனையில் அப்படி ஒருவர் இருந்தால், தயங்காமல் கேளுங்கள்.