மூடிய கதவுக்குள் ஒரு போராட்டம்

(திரைப்பட ரசனை வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை)



“அமெரிக்கச் சண்டைப் படத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அதைப் பற்றி இந்த மேடையில் ஏன் பேச வேண்டும்?” என்று கேட்கும் தோழர்கள் இங்கே உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி இரவில் எந்தப் படத்தைப் பார்க்கிறான்? அந்தச் சண்டைப் படத்தைத்தான் பார்க்கிறான். கண் கொட்டாமல் பார்க்கிறான். மறுநாள் வேலைத்தலத்தில் கதையை மற்றவர்களுக்கும் சொல்கிறான். ஆனால் அவன் வாழ்க்கையைப் பற்றியே நாம் போடும் நாடகத்திலிருந்து பாதியில் எழுந்து போய்விடுகிறான். “அவனுடைய ரசனை கெட்டுவிட்டது” என்று சொல்லிவிடுவது சுலபம். அது சோம்பேறிகளின் பதில். அவனை அங்கே உட்கார வைத்தது எது, இங்கே எழுந்து போகச் செய்தது எது என்று ஆராய்வதுதான் நம் கடமை.

அந்தப் படங்களில் ஒரு வகையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கதை முழுவதும் ஒரே இடத்தில் நடக்கும். ஒரு கட்டடம், ஒரு பஸ், ஒரு ரயில், ஒரு கப்பல். கதவு அடைபட்டுவிடும். உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியாது. வெளியிலிருந்து உதவி வராது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு போராட வேண்டும். கதவடைப்பு என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்த நிலைமை புதிதல்ல!

இந்த வகைக்கு உலகெங்கும் உதாரணமாகச் சொல்லப்படும் படம் 1988-ல் வெளிவந்த ‘டை ஹார்ட்’. டைரக்டர் ஜான் மக்டியர்னன். நியூயார்க் போலீஸ்காரன் ஒருவன், பிரிந்து வாழும் மனைவியைப் பார்க்க, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு வருகிறான். அவள் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள். கம்பெனியின் வானளாவிய கட்டடத்தில் விருந்து நடக்கிறது. ஆயுதம் தாங்கிய ஒரு கும்பல் உள்ளே புகுந்து அனைவரையும் பணயமாகப் பிடித்துக்கொள்கிறது. தனி அறையில் இருந்த போலீஸ்காரன் மட்டும் தப்பி மேல்தளத்துக்கு ஓடுகிறான். கதை இவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் ஒரு நிமிஷம்கூடச் சலிப்பதில்லை. ஏன்?

முதலாவது காரணம், இடம். படம் பார்த்து முடித்தவனை அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கேளுங்கள். விருந்து எங்கே, பெட்டகம் எங்கே, வேலை முடியாமல் கிடக்கும் தளங்கள் எங்கே, மொட்டைமாடிக்கு வழி எது, கார் நிறுத்துமிடம் எங்கே என்று படம் வரைந்து காட்டிவிடுவான். அது நிஜமான கட்டடம். ‘ஃபாக்ஸ் பிளாசா’ என்ற அந்தக் கட்டடத்தில் படப்பிடிப்பின்போது பல தளங்களில் வேலை முடிந்திருக்கவில்லை. அரைகுறையாகக் கிடந்த தளங்களையும் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எந்தப் பக்கம் கதவு, எந்தப் பக்கம் எதிரி என்று பார்ப்பவனுக்குத் தெரிந்தால்தான் பயம் பிறக்கும். தெரியாவிட்டால் வெறும் வெடிச்சத்தம்தான் மிஞ்சும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எந்த மாளிகைக்கும் இரண்டு வரைபடங்கள் உண்டு. பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு, அலங்கார விளக்கு: இது விருந்தாளியின் வரைபடம். லிஃப்ட் ஓடும் குழி, காற்றுக் குழாய், மின்கம்பி, தண்ணீர்க் குழாய்: இது அதைக் கட்டியவனும் பழுது பார்க்கிறவனும் அறிந்த வரைபடம். கதாநாயகன் உயிர் பிழைப்பது இரண்டாவது வரைபடத்தால்தான். விருந்தாளிகள் கண்ணில் படாத பாதையில் அவன் தவழ்ந்து போகிறான். அந்தப் பாதையில் நித்தமும் தவழ்கிறவன் கொட்டகையில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது உற்சாகமடைவதில் ஆச்சரியம் என்ன?

இரண்டாவது காரணம், தட்டுப்பாடு. கும்பல் உள்ளே நுழையும் நேரத்தில் கதாநாயகன் செருப்பில்லாமல் நிற்கிறான். விமானப் பயணக் களைப்பு நீங்க வெறும் காலோடு நடக்கச் சொன்ன ஒரு சக பயணியின் யோசனையைக் கேட்டதன் விளைவு! முதல் எதிரியை வீழ்த்தியதும் அவனுடைய பூட்ஸைப் போட்டுப் பார்க்கிறான், சிறியதாக இருக்கிறது. சிரிப்பு வருகிறது. பிறகு எதிரியின் தலைவன் இந்த வெறுங்காலைக் கவனித்துவிடுகிறான். கண்ணாடிகளைச் சுடச் சொல்லித் தன் ஆளுக்கு உத்தரவிடுகிறான். சிதறிய கண்ணாடியின் மேல் இவன் ஓட வேண்டியிருக்கிறது. சிரித்தவன் இப்போது பல்லைக் கடிக்கிறான். ஒரு ஜோடி செருப்பு இல்லாததை வைத்து இவ்வளவையும் சாதித்துவிட்டார்கள். நூறு மோட்டார்களை வெடிக்க வைத்தாலும் இந்த நடுக்கம் வராது.

மூன்றாவது காரணம், எதிரியின் மூளை. கும்பலின் தலைவனாக ஆலன் ரிக்மன் நடித்திருக்கிறார். அரசியல் கைதிகளை விடுவிக்க வந்தவன்போல அவன் வெளியே அறிக்கை விடுகிறான். உண்மையில் அவன் வந்தது பெட்டகத்தில் இருக்கும் 64 கோடி டாலர் பத்திரங்களுக்காக! பெட்டகத்தின் கடைசிப் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. அதை அவனால் உடைக்க முடியாது. அவன் கவலைப்படவில்லை. காத்திருக்கிறான். மத்தியப் போலீஸ் வருகிறது. தன் விதிப்புத்தகத்தில் எழுதியிருக்கிறபடி மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பூட்டு தானாகத் திறந்துகொள்கிறது! பணயமாக இருப்பவர்களில் நான்கில் ஒரு பகுதி செத்தாலும் பாதகமில்லை என்று அதே அதிகாரிகள் கணக்கும் போடுகிறார்கள். முதலாளித்துவ அரசு இயந்திரத்தைப் பற்றி நாம் பத்துப் பக்கத்தில் எழுதுவதை இந்தப் படம் இரண்டு காட்சிகளில் காட்டிவிடுகிறது. எடுத்தவர்களுக்கு அந்த நோக்கம் இருந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. அடைபட்ட இடத்தை நேர்மையாகக் காட்டப் போனார்கள். உண்மை தானாக வெளியே வந்தது.

நான்காவது காரணம், தொடக்கத்தில் காட்டிய பொருள் முடிவில் வேலை செய்கிறது. மனைவியின் உழைப்பைப் பாராட்டிக் கம்பெனி கொடுத்த விலையுயர்ந்த கைக்கடிகாரத்தை ஆரம்பத்தில் நாம் பார்க்கிறோம். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே விழப்போகும் வில்லன் அவளைப் பற்றிக்கொண்டு தொங்குகிறான். அவன் பிடி அந்தக் கடிகாரத்தில் இருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றினால்தான் அவள் பிழைப்பாள். கம்பெனியின் பரிசே அவளைக் கீழே இழுக்கிறது! யாரும் அங்கே நின்று பிரசங்கம் செய்வதில்லை.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு கிடைக்கிறது. இத்தகைய படத்தின் சுவை ரத்தத்திலும் வெடியிலும் இல்லை. ஒரு மனிதன் குறைந்த இடத்தில், குறைந்த கருவிகளோடு, குறைந்த நேரத்தில் யோசித்து, கையில் கிடைத்ததைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்கிறான். அதைப் பார்ப்பதில்தான் சுவை. உதிரி பாகம் வராத நாளில், ஓடாமல் நின்ற இயந்திரத்தைக் கம்பியும் கயிறும் கொண்டு ஓட வைக்கும் தொழிலாளிக்கு இந்த ஆனந்தம் நன்றாகத் தெரியும். இது உழைப்பின் ஆனந்தம். திரையில் அவன் காண்பது தன்னுடைய திறமையைத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு. முதல் படம் வெற்றி பெற்றதும் ஹாலிவுட் சும்மா இருக்குமா? 1990-ல் இரண்டாவது படம், விமான நிலையத்தில். 1995-ல் மூன்றாவது, நியூயார்க் நகரம் முழுவதும். விறுவிறுப்பால் அது தாங்கிற்று. 2007-ல் நான்காவது. 2013-ல் ஐந்தாவது, மாஸ்கோவரை போயிற்று. இடம் விரிய விரிய ஆபத்து சுருங்கியது. வெறுங்காலில் ரத்தம் சிந்திய மனிதன், எதுவும் தீண்டாத பொம்மையாகிவிட்டான். சுவரை எடுத்தார்கள், சுவையும் போயிற்று. ‘டை ஹார்ட்’ படத்தின் ஒளிப்பதிவாளர் யான் டி பாண்ட், 1994-ல் ‘ஸ்பீட்’ என்ற படத்தை டைரக்ட் செய்தபோது இந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஒரு நகரத்துப் பஸ். வேகம் 50 மைலுக்குக் கீழே இறங்கினால் குண்டு வெடிக்கும். ஒரே ஒரு விதி! படத்தின் பெரும்பகுதியை அது தாங்கி நிற்கிறது.

சரி, குறையே இல்லையா? உண்டு, பெரிய குறை. ‘டை ஹார்ட்’ படத்தில் பணயமாக இருக்கும் ஊழியர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் போராட, மற்றவர்கள் மீட்கப்படக் காத்திருக்கிறார்கள். வெளியே ரேடியோவில் கதாநாயகனுக்குத் தைரியம் சொல்லும் ஒரு நல்ல போலீஸ்காரன் வருகிறான். பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த சிறுவனை முன்பு தவறுதலாகச் சுட்டுக் கொன்றவன். அதனால் துப்பாக்கியைத் தொடவே மனம் கூசுகிறவன். படத்தின் முடிவில் அவன் மறுபடி ஒருவனைச் சுடுகிறான். அதையே அவன் குணமடைந்ததாகக் காட்டி இசை முழங்குகிறது! மனச்சாட்சியை நோயாகவும் துப்பாக்கியை மருந்தாகவும் காட்டும் இந்த நஞ்சை நாம் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும்.

ஆனால் அடைபட்ட இடத்துக் கதை என்றால் தனி மனித வீரம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? சோவியத் டைரக்டர் மிகையில் ரோம் 1936-ல் எடுத்த ‘பதின்மூவர்’ படத்தைப் பாருங்கள். மத்திய ஆசியப் பாலைவனத்தில் ஒரு கிணறு. அதில் தண்ணீர் அநேகமாக வற்றிவிட்டது. ஒரு சிறு குழு அதைக் காத்து நிற்கிறது. எதிரிக் கூட்டமோ தாகத்தால் தவிக்கிறது. தண்ணீர் இல்லை என்பது எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது! இதைவிடக் கூர்மையான நிலைமையை ஹாலிவுட் உண்டாக்கியதா? 1943-ல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த ‘சஹாரா’ படம், தன் கதையை இந்தச் சோவியத் படத்திலிருந்து எடுத்ததாகத் தன் தலைப்பு அட்டையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது.

2013-ல் கொரிய டைரக்டர் போங் ஜூன் ஹோ எடுத்த ‘ஸ்னோபியர்சர்’ இன்னும் நெருக்கமான உதாரணம். உலகம் பனியில் உறைந்துவிட்டது. எஞ்சிய மனிதர்கள் ஓயாமல் ஓடும் ஒரே ரயிலில் இருக்கிறார்கள். கடைசிப் பெட்டியில் ஏழைகள், முன்பெட்டிகளில் சீமான்கள். இங்கே இடத்தின் வரைபடமே வர்க்கத்தின் வரைபடம். காவலர்களின் துப்பாக்கியில் குண்டு தீர்ந்துபோயிருக்கும் என்று சந்தேகிக்கும் தலைவன், அந்தத் துப்பாக்கியைத் தன் தலையிலேயே வைத்து விசையை அழுத்திச் சோதிக்கிறான். குண்டு இல்லை! கடைசிப் பெட்டியே கிளர்ந்தெழுகிறது. அதிகாரத்தின் பலத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பயமுறுத்தல் என்பதை ஒரு விசைச் சத்தத்தில் சொல்லிவிட்டார். தட்டுப்பாடு என்ற அதே விதிதான்; அது இங்கே ஒரு கூட்டத்தின் கையில் ஆயுதமாகிவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னோடி எது தெரியுமா? 1925-ல் ஐசன்ஸ்டீன் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’. 1905-ன் கலகக் கதை. கப்பல் ஓர் அடைபட்ட இடம். இறைச்சியில் புழு நெளிகிறது. கப்பல் டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு நல்ல இறைச்சி என்கிறார். மாலுமிகள் சிலர் மேல் தார்ப்பாயைப் போர்த்திச் சுடச் சொல்கிறார்கள். எதிரே துப்பாக்கி ஏந்தி நிற்பவர்களும் மாலுமிகளே. சுடுவார்களா? “சகோதரர்களே” என்று ஒரு குரல் எழுகிறது. துப்பாக்கிகள் தாழ்கின்றன. முடிவில் ஜாரின் கப்பற்படை எதிரே வருகிறது. பீரங்கிகள் திரும்புகின்றன. சுடுமா, சேர்ந்துகொள்ளுமா? மூச்சு நின்றுவிடும். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. கப்பல்கள் வழிவிடுகின்றன. உலகத்தின் மிகச் சிறந்த பரபரப்புக் காட்சிகளில் ஒன்று, சுடாமல் விட்ட காட்சி!

தோழர்களே! விறுவிறுப்பு அமெரிக்க முதலாளியின் சொத்தல்ல. பொட்டெம்கின் அதற்குச் சாட்சி. நம் நாடகக் குழுக்களும் குறும்படம் எடுக்கும் இளைஞர்களும் கவனிக்க வேண்டியது இதுதான். பூட்டிய ஆலை வாசல், சுமை லாரியின் முன்பகுதி, தண்ணீர் வராத தெருவின் ஒரே குழாய்: இவை எல்லாம் அடைபட்ட இடங்களே. அந்த இடத்தைப் பார்ப்பவன் கண்ணில் பதியுங்கள். நம் ஆட்களின் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று காட்டுங்கள். எதிரியை முட்டாளாக்காதீர்கள், அவன் முட்டாளாக இருந்தால் நமக்கு ஏன் இத்தனை ஆண்டுப் போராட்டம்? கடைசிக் காட்சியில் பிரசங்கம் செய்யும் பாத்திரத்தை வெட்டிவிடுங்கள். ஒருவன் மீட்க வருவதற்குப் பதிலாக, உள்ளே இருப்பவர்கள் சேர்ந்து வழி காணட்டும்.

உழைத்துக் களைத்து வந்து உட்காருகிறவனைச் சலிப்படையச் செய்வது அவனுக்குச் செய்யும் அவமரியாதை. நம் கொள்கையின் பேரில் அந்த அவமரியாதையைச் செய்ய நமக்கு உரிமை கிடையாது. இதைக் கூறி என் உரையை முடித்துக்கொள்கிறேன்.