மூச்சைக் கற்கும் படிப்பு

(‘மருத்துவத் துறைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஏற்றது செவிலியர் படிப்பே! சுவாச சிகிச்சைப் படிப்பே!’ என்ற பட்டிமன்றத்தில், சுவாச சிகிச்சைப் படிப்பே என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, எதிரணியிலே அமர்ந்து என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற நண்பர்களே, அவையோர்களே, வீட்டிலே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டி.வி. பார்க்கிற தாய்மார்களே!

எதிரணித் தலைவர் அம்மா அருமையாகப் பேசினார்கள். கடைசியிலே ஒரு குண்டைப் போட்டார்கள். “பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா, நர்சுன்னா ஒரே வார்த்தை. உங்க படிப்புக்குப் பேரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க காப்பி குடிச்சிட்டுக் கிளம்பிடுவாங்க” என்றார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

உண்மைதான் அம்மா. அந்தப் பேர் தெரியாமல் நானே ஒரு நாள் அசடு வழிந்து நின்றவன்.

2022-ஆம் வருஷம். எங்க அப்பாவுக்கு எண்பத்தோரு வயசு. நிமோனியா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலே தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள்ளே குழாய், பக்கத்திலே வென்டிலேட்டர். ஒன்பது நாள். டாக்டர் காலையிலும் மாலையிலும் வருவார். நர்சுகள் கண்ணாகப் பார்த்துக்கொண்டார்கள். இவர்களைத் தவிர ஒரு பெண் அடிக்கடி வரும். மெஷினைப் பார்க்கும், அப்பா நெஞ்சைப் பார்க்கும், மணிக்கட்டு ரத்தக் குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சோதிக்கும், ஒரு குமிழைத் திருகும். நான், “சிஸ்டர், எங்கப்பா எப்படி இருக்கார்?” என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, “நான் சிஸ்டர் இல்லைங்க சார், ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்” என்றது. தமிழிலே டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். அதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, சிதம்பரத்திலே பொற்கூரையில் 21,600 ஓடுகள் என்று சொல்வது மரபு. மனிதன் ஒரு நாளைக்கு விடுகிற மூச்சு அத்தனை என்று நம் முன்னோர் போட்ட கணக்கு. நிமிஷத்துக்குப் பதினைந்து. இன்றைய மருத்துவப் புத்தகம் என்ன சொல்கிறது? நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை. நம்ம கணக்கு சரியாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது! (கைதட்டல்) அந்த 21,600-ஐயும் கவலைப்படாமல் நாம் விடுகிறோம். விட முடியாதவனுக்கு அதை எண்ணி, அளந்து கொடுப்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா?

“ஆக்சிஜனைத் திறந்துவிட இதற்கென்று ஒரு பட்டமா?” என்று எதிரணியிலே கேட்டார்கள். ஐயா, ஆக்சிஜனும் மருந்துதான். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. வருஷக்கணக்காகப் புகை பிடித்து நுரையீரல் கெட்டவருக்கு அளவில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்திலே கரியமில வாயு ஏறி மயங்கிவிடுவார். குறைமாதக் குழந்தைக்கு அதிகமானால் கண்ணே போகலாம். வென்டிலேட்டரிலே ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை ஆளின் பருமனைப் பார்த்து முடிவு செய்வதில்லை, உயரத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஏன்? சாப்பிட்டுச் சாப்பிட்டு என் தொப்பை வளரும், நுரையீரல் கூட வளராது! (சிரிப்பு)

இந்தத் துறையின் அருமையைக் காட்டிய ஊர் டென்மார்க்கிலே இருக்கிற கோபன்ஹேகன். 1952. போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்து நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். மெஷின்கள் போதவில்லை. பியோன் இப்சன் என்கிற மயக்க மருந்து மருத்துவர் ஒரு வழி சொன்னார். தொண்டையிலே துளை போட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையாலே அமுக்கி மூச்சுக் கொடுப்பது. யார் அமுக்குவது? சுமார் 1,500 மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு இரவும் பகலும் வாரக்கணக்கில் அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வித்து அங்கேதான் விழுந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது வென்டிலேட்டர் என்ற சொல்லை நம்ம ஊர் டீக்கடை வரை கொண்டுவந்தது. மெஷினை விலைக்கு வாங்கிவிடலாம். அதை ஓட்டத் தெரிந்த கையை எந்தக் கடையிலே வாங்குவீர்கள்? (கைதட்டல்)

நர்ஸ் பெருமையைக் குறைக்க நான் இங்கே வரவில்லை. வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்திலிருந்து கவனிப்பவர். எதிரணி அந்த நான்காவது இடம் முழுவதையும் நர்சுக்கே பட்டா போட்டுக்கொண்டார்கள். நான் கேட்பது அதிலே ஒரு மூலை!

எதிரணியின் பலமான வாதம் வேலை. அதை நான் மழுப்ப மாட்டேன். பிள்ளைகளின் எதிர்காலம் இது. நர்ஸ் படித்தால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வெளிநாடு வரைக்கும் வேலை உண்டு. ஒரு வார்டு சலித்தால் இன்னொரு வார்டு. என் அணிப் படிப்புக்கு வேலை பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலே. சின்ன ஊரிலே அந்தப் பதவியே இருக்காது, நர்சும் மயக்க மருந்து டெக்னீஷியனும் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள். சொந்த ஊரை விட்டு நகர மாட்டேன் என்கிற பிள்ளைக்கு நானே நர்சிங்கைத்தான் சொல்வேன். நடுவர் என்னை முறைக்கிறார், பரவாயில்லை! (சிரிப்பு)

ஆனால் காலமும் நகர்கிறது. நர்சுகளுக்கு இந்திய அளவிலே கவுன்சில் சட்டம் 1947-இலேயே வந்துவிட்டது. சுவாச சிகிச்சை போன்ற துணை மருத்துவத் துறையினருக்கு தேசிய அளவிலே ஒரு ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது 2021-இல்தான். எழுபத்து நாலு வருஷம் பிந்திப் பிறந்த தம்பி எங்கள் படிப்பு. அண்ணன் அளவுக்குச் சம்பாதிக்கவில்லை என்று தம்பியைத் திட்டலாமா?

பெற்றோரே, ஒன்று மட்டும் செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னாலே கல்லூரிக்குப் போய், சொந்த ஆஸ்பத்திரி உண்டா, தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை படுக்கை, போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். (கைதட்டல்)

இப்போது என் வீட்டு வழக்கு. என் தம்பி மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தம்பி, “நர்சிங்தான், வேலை நிச்சயம்” என்கிறான். அவன் கவலை தப்பில்லை, கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவன். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பெரியப்பா, தாத்தா குழாயை எடுத்த அன்னைக்கு நான் கண்ணாடிக்கு வெளியில நின்னேன்” என்றாள்.

நானும் நின்றேன். அன்றைக்கு மெஷினின் உதவியைக் குறைத்துவிட்டு, அந்தப் பெண் அரை மணி நேரத்துக்கும் மேலாக அப்பா பக்கத்திலேயே நின்றது. “தாத்தா, நீங்களா இழுங்க... விடுங்க... இன்னொண்ணு” என்று ஒவ்வொரு மூச்சுக்கும் குரல் கொடுத்தது. டாக்டர் வந்து பார்த்தார், குழாயை எடுத்தார்கள். அப்பாவின் தொண்டையிலிருந்து வந்த முதல் வார்த்தை, “காப்பி இருக்கா?” (சிரிப்பு, கைதட்டல்)

அதற்குப் பிறகு அப்பா இரண்டு வருஷம் எங்களோடு இருந்தார். வெளியிலே நின்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, தாத்தா விட்ட மூச்சை விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து அவள் சொல்லித்தான் தெரியும்.

தம்பி இந்த அவையிலே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். திங்கட்கிழமை பணம் கட்டக் கடைசி நாள். டேய், எண்ணத் தெரிந்த பிள்ளையை எண்ண விடுடா!

நடுவர் அவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். என் தம்பி சொல்லப்போகிற தீர்ப்புக்குத்தான் காத்திருக்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)