சொட்டுகிற வண்டியும் பின்னால் வருகிறவரும்



பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் வேடிக்கையாக ஒரு பேச்சு உண்டு. "புல்லட் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும். ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்" என்பார்கள். கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சோம்பல் ஒளிந்திருக்கிறது. "இது இப்படித்தான்" என்று ஒரு குறையை ஏற்றுக்கொண்டுவிட்டால், அதைச் சரிசெய்யும் கடமையிலிருந்து நாம் தப்பித்துக்கொள்கிறோம். இன்று அந்தச் சொட்டைப் பற்றித்தான் சிந்திக்கப் போகிறோம்.

இந்த வண்டி நமக்கு அந்நியமானது அல்ல. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்தது. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் அந்த நிறுவனம் மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய இன்ஜின் 2010 வாக்கில்தான் விடைபெற்றது. அப்பா ஓட்டிய வண்டியை இன்று மகன் ஓட்டுகிற வீடுகள் நம் பங்கிலேயே இருக்கும். அப்பாவின் நினைவாக வைத்திருக்கும் வண்டியைப் பராமரிப்பதும் அந்த அன்பின் ஒரு பகுதிதானே?

ஒரு சொட்டு எண்ணெயால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். எண்ணெய் காற்றோடு பின்னால் போகும். பின் டயரில் பட்டால் வளைவில் வண்டி சறுக்கும். அது நம் உயிர். சாலையில் விழுந்த எண்ணெய் அங்கேயே கிடக்கும். பல நாள் வெயிலுக்குப் பிறகு முதல் தூறல் விழும்போது அது தண்ணீரின் மேல் மிதந்து சாலையை வழுக்கலாக்கும். அந்த நேரத்தில் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளை, ஸ்கூட்டரில் குழந்தையை உட்காரவைத்து வரும் தாய், இவர்கள் யார் என்றே நமக்குத் தெரியாது. நாம் அந்த இடத்தைக் கடந்து போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் வருகிறவரை நினைத்துச் செய்யும் காரியத்தைத்தானே பிறரன்பு என்கிறோம்?

சரி, எப்படிச் சரிசெய்வது? முதலில், ஒழுகும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெய் கீழே வழியும், காற்றில் பின்னால் போகும். ஆகவே சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. இன்ஜின் ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தொட்ட துணியால் முழுவதும் துடைத்துக் காயவிடுங்கள். முகத்துக்குப் போடும் பவுடரை மூட்டுகளின் மேல் லேசாகத் தூவுங்கள். சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ, மேலேயும் முன்னாலேயும் இருக்கும் அந்த ஈரம்தான் மூலம். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தால், எந்தப் பக்கம் சொட்டுகிறது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும். இந்த வண்டியில் இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் இருக்கும் செயின் கேஸ் மூன்றும் தனித்தனி. மூன்றுக்கும் எண்ணெயும் தனித்தனி. எது ஒழுகுகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது.

அடுத்து, இன்ஜின் மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று அழுத்தப்படுகிறது. அது வெளியேறத்தான் பிரீதர் குழாய் இருக்கிறது. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, மடங்கியிருந்தாலோ, காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடும் ரப்பர் வால்வு கெட்டுப்போயிருந்தாலோ, அழுத்தம் வேறு வழி தேடும். எந்த மூட்டு பலவீனமாக இருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பேக்கிங்கை மாற்றுவோம், அடுத்த மாதம் இன்னோர் இடத்தில் ஒழுகும். குற்றம் பேக்கிங்கில் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். வீட்டிலும் அப்படித்தான் அல்லவா? எப்போதும் அழுத்தத்தில் இருக்கிற மனிதர், தமக்கு மிக நெருக்கமானவர் மேல்தான் வெடிப்பார். மூச்சு விட வழி செய்துவிட்டால் பாதிக் கசிவு தானாகக் குறையும்.

இனி, இறுக்கிவிட்டால் நின்றுவிடும் என்ற எண்ணத்தை விட வேண்டும். ஒழுகுகிறது என்றதும் ஸ்பேனரை எடுத்து முழுப் பலத்தோடு திருகுகிறவர்கள் உண்டு. பழைய புல்லட்டின் செயின் கேஸ் மூடியை நடுவில் இருக்கும் ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. அதை அளவுக்கு மீறி இறுக்கினால் மூடி வளையும், ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், முன்பைவிட அதிகமாக ஒழுகும். மூடியின் ஓரப் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையத்தைப் புதிதாக்கி, பள்ளத்தைச் சுத்தம் செய்து, அளவோடு முடுக்கினால் போதும். டேப்பட் மூடியிலும் அப்படியே. பழைய பேக்கிங்கின் துணுக்குகளைக் கீறல் விழாமல் சுரண்டி எடுத்து, மூடியைக் கண்ணாடிப் பலகை மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கிவிட்டுப் புதிய பேக்கிங் போடுங்கள். சிலிக்கான் பசையை அப்புவது தீர்வல்ல. உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து போய் எண்ணெய் ஓடும் துவாரத்தை அடைத்தால், சிறு கசிவை நிறுத்தப் போய் இன்ஜினையே இழப்போம். செம்பு வாஷர் இறுகிக் கெட்டியாகிவிட்டதா? அடுப்புத் தீயில் சிவக்கக் காட்டித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். முதலில் அதன்மேல் எண்ணெயோ பெட்ரோலோ இல்லாமல் துடைத்துவிடுங்கள், வண்டி நிற்கும் இடத்துக்குத் தள்ளி வைத்து இதைச் செய்யுங்கள்.

நேயர்களே, இதுவரை எண்ணெயைப் பற்றிப் பேசினோம். பெட்ரோல் கசிவு வேறு. எண்ணெய்க் கசிவுக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்கலாம், பெட்ரோல் கசிவுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

நம் வீடுகளில் திருட்டுக்குப் பயந்து வண்டியைத் திண்ணையிலும் முன் அறையிலும் நிறுத்துகிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தரையாகப் படர்ந்து அடுத்த அறைக்கும் போகும். அங்கே எரிகிற அடுப்பு, படத்தின் முன் ஏற்றிய மெழுகுவர்த்தி, சுவிட்சில் தெறிக்கும் பொறி, எதுவும் போதும். தரையில் பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் இதைவிடப் பெரிய ஆபத்து என்ன இருக்கிறது? வாசனை வந்தால் முதலில் பெட்ரோல் காக்கை மூடுங்கள். விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளைத் தொடாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து விடுங்கள்.

பிறகு காரணத்தைத் தேடலாம். பெரும்பாலும் நாலு இடம்தான். ஒன்று, ட்யூப். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் ரப்பர் இறுகிக் கிளிப் இருக்கும் முனையில் வெடிக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் அதில் சீக்கிரம் கெடலாம். பெட்ரோலுக்கென்றே விற்கும் ட்யூபை வாங்கிப் போடுங்கள், தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டாதீர்கள். இரண்டு, பெட்ரோல் காக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். சிறிய பொருள், சிறிய செலவு. மூன்று, கார்பரேட்டர். ஃப்ளோட் நீடில் உட்காரும் இடத்தில் தூசி சிக்கினால் பெட்ரோல் நிற்காமல் நிரம்பி வழியும். ஸ்பேனரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சில நேரம் நிற்கும். ஆனால் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் முறை. நான்கு, டேங்கில் துருப்பிடித்த ஊசித் துளை. வழியில் மாட்டிக்கொண்டால் குளியல் சோப்பை அழுத்தித் தேய்த்துத் தற்காலிகமாக அடைக்கலாம், சோப்பு பெட்ரோலில் கரையாது. அதோடு ஒர்க்‌ஷாப் வரை போகலாம், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். பெட்ரோலை வடித்துவிட்டோம், டேங்க் காலிதானே என்று வெல்டிங் வைக்கக் கொண்டுபோகாதீர்கள். காலி டேங்கில் ஆவி நிறைந்திருக்கும். அது வெடிக்கும். அந்த ஆவியை முறையாக நீக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு பழக்கம். வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் காக்கை மூடுவது. மூடாமல் விட்டு நீடிலும் சரியில்லை என்றால், இரவெல்லாம் பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி இன்ஜின் எண்ணெயில் கலந்துவிடலாம். காலையில் எண்ணெய் மட்டம் கூடியிருந்தால், எண்ணெயில் பெட்ரோல் வாசனை அடித்தால், வண்டியைக் கிளப்பாதீர்கள். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்கைக் காப்பாற்றாது. எண்ணெயை மாற்றி, நீடிலைச் சரிசெய்த பிறகுதான் கிக்கரை மிதிக்க வேண்டும்.

கடைசியாக, வடித்த பழைய எண்ணெய். அதைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ ஊற்றினால் மண்ணுக்கும் குடிநீருக்கும் கேடு. ஒரு கேனில் சேர்த்துப் பழைய எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியிருந்தால் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளிவிடுங்கள். அது நம் வீட்டு வாசலாக இருந்தாலும் சரி, ஆலய முற்றமாக இருந்தாலும் சரி, பொதுச் சாலையாக இருந்தாலும் சரி.

அன்புக்குரியவர்களே, இவற்றில் பாதி வேலைக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு துணி, கொஞ்சம் பவுடர், ஒரு அட்டை, அரை நாள் பொறுமை போதும். கைக்கு மீறிய வேலைக்கு நல்ல மெக்கானிக் ஐயாவைத் தேடிப் போவோம். அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம். வருகிற சனிக்கிழமை, நம் வண்டிக்கு அடியில் ஒரு முறை குனிந்து பார்ப்போம். நமக்குப் பின்னால் வருகிறவர் யார் என்று தெரியாவிட்டாலும், அவர் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும்.