ஏரிக்கரையில் ஓர் அறக்கட்டளை



2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழை, ஒரே நாளில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. பக்கத்து முடிச்சூர்க்காரர்களைக் கேட்டால் இன்னமும் கதை கதையாகச் சொல்வார்கள். அதுவரை பார்க்கிங் தகராறிலும் குப்பை வண்டியிலும் முடங்கிக் கிடந்த நலச்சங்கக் கூட்டங்களில் ஏரி, கால்வாய் என்ற பேச்சு பலமாக அடிபடத் தொடங்கியது அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான்.

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சிட்லபாக்கத்தில் 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற குடியிருப்போர் குழு 2019 கோடையில் வறண்ட ஏரிக்குள் இறங்கித் துப்புரவு செய்தது. ஏரிச் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது.

எல்லா ஊரிலும் அப்படி நடந்துவிடாது. செம்பாக்கம் ஏரி ஏறத்தாழ 100 ஏக்கர். கழிவுநீர் கலந்த ஏரியில் ஆகாயத்தாமரைக்கு உரப் பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்துப் போடுவார்கள். ஈரத்தோடு ஒரு கூடை தூக்கவே இருவர் வேண்டும். இரண்டு வாரத்தில் செடி இரண்டு மடங்காகிவிடும். கழிவுநீரை நிறுத்தாமல் செடியை மட்டும் பிடுங்கி என்ன பயன்?

அங்கேதான் கேர் எர்த் அறக்கட்டளை வருகிறது. 2000-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. நிறுவனர்களில் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் அமைப்பின் விருது கிடைத்தது. பள்ளிக்கரணையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த இந்த அறக்கட்டளை, நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, சென்னை ஐஐடி ஆகியவற்றோடு சேர்ந்து செம்பாக்கம் ஏரி மீட்பில் இறங்கியது.

அறக்கட்டளை என்றால் காசோலை கொடுக்கும் இடம் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் ஏரிப் பணிக்குக் காசு வரும் வழி வேறு. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வாட்ஸ்அப் குழுவுக்குக் கொடுக்க முடியாது. வருமான வரிச் சட்டப்படி அறக்கட்டளைக்குரிய பதிவு வேண்டும். மூன்றாண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல், இந்தப் பணத்தைப் பெறுவோர் பதிவு செய்துகொள்ளும் சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும். போதாக்குறைக்கு, ஏரி ஒரு துறையிடம், அதில் விழும் குப்பையும் சாக்கடையும் உள்ளாட்சியிடம். அனுமதிக் கடிதத்தோடு இரண்டு அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க, வேலைக்குப் போகிற தன்னார்வலரால் முடியுமா? கணக்கு, அனுமதி, நிபுணர் ஆலோசனை என்ற இந்தச் சுமையை அறக்கட்டளை ஏற்றால்தான் உள்ளூர்க் குழுவின் உழைப்பு வீணாகாது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நடைபாதைக்கும் பெயர்ப்பலகைக்கும் நன்கொடையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். மூன்றாம் ஆண்டு வரத்துக்கால்வாயைத் தூர்வாரப் பணம் யார் தருவார்கள்? அறக்கட்டளையின் தரத்தை நான் அங்கேதான் பார்ப்பேன்.

உங்கள் தெருக் குழு ஓர் அறக்கட்டளையை அணுகப்போகிறதா? திறப்பு விழாவுக்குப் பிறகு பராமரிப்புச் செலவு யாருடையது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.