மாமா காட்டிய வாடிவாசல்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாளன்று பிளவக்கல் அணைப் பூங்காவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு அனுபவம்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். கம்பெனி செலவில் மூன்று வாரம் ஸ்பெயினில் பயிற்சிக்குப் போய் வந்தவன் என்பதைத் தவிர எனக்கு அதில் தகுதி ஒன்றும் கிடையாது. அந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசினால் நீங்கள் தூங்கி விடுவீர்கள். மத்தியானச் சாப்பாடு வேறு முடிந்திருக்கிறது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்த இடத்தையும், திரும்பி வந்த பிறகு நம் ஊர்ப் பக்கத்தில் பார்த்த இடத்தையும் சொல்லி முடித்துக் கொள்கிறேன்.

ஸ்பெயினின் தெற்கே ரோண்டா என்று ஒரு மலை ஊர். அங்கே உள்ள காளைப்போர் அரங்கம் உலகப் பிரசித்தம். முழுக்கக் கல் கட்டடம். 1784-ல் முதன்முதலாகப் போட்டி நடத்தியபோது பார்வையாளர் மேடையில் ஒரு பகுதி சரிந்து விட்டதாம். நிறுத்தி, சரி செய்து, 1785-ல் மறுபடி திறந்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. லோடு கணக்கில் கோட்டை விடுவது நம் தலைமுறையில் தொடங்கிய பழக்கம் இல்லை! நடு மணல் வட்டத்தின் விட்டம் 66 மீட்டர். சுற்றி இரண்டு அடுக்குத் தூண் வரிசை. ஏறத்தாழ 5,000 பேர் உட்காரலாம். பெத்ரோ ரொமேரோ என்ற வீரர் அந்த ஊர்க்காரர்தான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காளைகளைக் கொன்றும் உடம்பில் ஒரு கீறல் படாமல் ஓய்வு பெற்றார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

டிக்கெட் வாங்கினால் வழிகாட்டியோடு உள்ளே சுற்றிப் பார்க்கலாம். எல்லோரும் மணலில் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள், நானும் எடுத்தேன். அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பின்பக்கம் இருந்த மாட்டுக் கொட்டடிகள். அடுத்தடுத்துச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் மரக் கதவு. கதவின் கயிறு கப்பி வழியாக மேலே போகிறது. மேலே ஒரு நடைபாதை. வேலை செய்கிறவன் அங்கே நின்று கயிற்றை இழுப்பான், கீழே கதவு திறக்கும், மாடு அடுத்த அறைக்குப் போகும், கதவு மூடும். மாடு நிற்கிற தரையில் மனிதன் கால் வைக்கவே தேவையில்லை. வழிகாட்டி அந்த இடத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துக் கொண்டு மியூசியத்துக்குப் போய்விட்டார். நான் அந்தக் கப்பியைப் பார்த்தபடி நின்றதில் கூட்டத்தைத் தவற விட்டு விட்டேன்.

இன்னொன்று மாட்ரிட்டில். லாஸ் வென்டாஸ் என்று 1931-ல் திறந்த பெரிய அரங்கம், செங்கல் கட்டடம். அதன் வாசலில் யாருக்குச் சிலை இருக்கிறது தெரியுமா? அலெக்சாண்டர் பிளெமிங்குக்கு. ஆமாம், பென்சிலின் கண்டுபிடித்தவர்தான். காளைப்போர் வீரன் ஒருவன் தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் சொல்கிற மாதிரி 1964-ல் வைத்திருக்கிறார்கள். கொம்புக் குத்து ஆழமாகப் போய்ச் சீழ் வைத்துச் செத்தவர்கள் அந்தத் தொழிலில் ஏராளம். பென்சிலின் வந்தபின் பிழைத்தார்கள். அரங்கத்துக்கு உள்ளேயே ஆபரேஷன் அறை வைத்திருக்கிறார்கள். தொடையில் குத்துப்பட்டு ரத்தக்குழாய் அறுந்தால் நிமிஷக் கணக்குதான், ஆஸ்பத்திரி வரை கொண்டு போக நேரம் இருக்காது.

இதைக் கேட்டபோது எனக்கு என் மச்சான் ஞாபகம் வந்தது. மாமா மகன். 2003-ல் அவனுக்குப் பதினேழு வயது, நான் பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்தேன். ஒரு கிராமத்து மாடுபிடிக்கு எங்கள் மாட்டைக் கொண்டு போயிருந்தோம். எங்கள் மாடு நன்றாகத்தான் ஓடியது. அதைப் பிடித்துக் கட்டுவதற்காக மச்சான் கயிற்றோடு தோட்டத்துக்குள் ஓடினான். பின்னாலேயே வந்த வேறு ஒருவர் மாடு அவனைத் தூக்கி விட்டது. தொடையில் குத்து. மாமா தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். மினி லாரியில் போட்டு ஆஸ்பத்திரி சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகி விட்டது. பிழைத்துக் கொண்டான். இன்றைக்கும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறான். ஆனால் மாட்டை விடவில்லை. கட்டுத்தரையில் அவன் குரல் கேட்டால்தான் மாடு தண்ணீரில் வாய் வைக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் ரோண்டா போட்டோக்களை மாமாவிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கட்டடம் நல்லாருக்கு. மாடு எந்த வழியா வீட்டுக்குப் போகும்?" என்று கேட்டார்.

"போகாது மாமா. அங்கன கொன்னுருவாங்க."

"எல்லா மாட்டையுமா?"

"அபூர்வமா ஒண்ணு ரெண்டை மன்னிச்சு விடுவாங்களாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கிளம்பு. நான் ஒனக்கு நம்ம இடத்தைக் காட்டுறேன்" என்றார். இந்தப் பக்கத்துக்காரனாக இருந்தும், தை மாதக் கூட்டத்தில் பிறர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததைத் தவிர, அலங்காநல்லூர் வாடிவாசலை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

நாங்கள் போனது ஆவணி மாதம், கூட்டமே இல்லாத நாள். தெருவில் சைக்கிளும் கோழியும் போய்க் கொண்டிருந்தன. மாமாதான் கைடு. டிக்கெட் கிடையாது, ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். வாடிவாசலுக்கு உள்பக்கம் நிறுத்தினார். "இங்கனதான் மூக்கணாங்கயிறை அறுப்போம். அதுவரைக்கும் அது நம்ம மாடு. அறுத்துட்டா அது இஷ்டம்." இரண்டு எட்டு வெளியே வந்தார். "இங்கன பிடிகாரங்க ஓரமா ஒட்டி நிப்பாங்க. நல்ல மாடு உடனே பாயாது. நின்னு பாக்கும். எவன் கை துருதுருங்குதுன்னு அதுக்குத் தெரியும்." இன்னும் கொஞ்சம் நடந்தார். கீழே தேங்காய் நார் போடுவது எதுவரை, மேடை எங்கே கட்டுவார்கள், கோயில் காளைகளை முதலில் விட்டுவிட்டு மற்றதை எந்த வரிசையில் கொண்டு வருவார்கள் என்று கையைக் காட்டிச் சொல்லிக் கொண்டே வந்தார். திமிலைப் பிடித்துத்தான் போக வேண்டும். வாலையும் கொம்பையும் தொட்டால் ஆட்டம் இல்லை. பதினைந்து மீட்டர் தூரம், அல்லது முப்பது விநாடி, அல்லது மூன்று துள்ளல் தாங்கினால் வீரனுக்குப் பரிசு. இல்லாவிட்டால் மாட்டுக்கு.

அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. ரோண்டா ஒரு வட்டம். அங்கே மாட்டுக்கு ஒதுங்க மூலை கிடையாது, வெளியே போக வழியும் கிடையாது. எவ்வளவு ஓடினாலும் மனிதன் முன்னால்தான் வந்து நிற்கும். மனிதனைத் தரையில் நேருக்கு நேர் சந்திக்காத மாடாகவும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏனென்றால் ஒருதரம் சந்தித்தால் கற்றுக்கொண்டு விடும். நம்முடையது ஒரு நேர்கோடு. ஒரு வாசலில் புறப்பட்டு, ஒரு கூட்டத்தைத் தாண்டி, அந்தக் கடைசியில் வீட்டுக்குப் போகிற பாதை. அடுத்த வருஷம் அதே மாடு, போன வருஷத்து ஞாபகத்தோடு திரும்ப வரும். இரண்டுக்கும் கட்டட வரைபடமே வேறு. அங்கே பத்திரமாக அடைப்பதற்கு வேண்டியதைச் செய்தார்கள். இங்கே பத்திரமாக வெளியே விடுவதற்கு வேண்டியதைச் செய்ய வேண்டும்.

வாடிவாசல் பக்கம் இப்போது எவ்வளவோ மேல். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது, 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊருக்கும் பிள்ளைகள் உட்கார்ந்தது, சட்டம் வந்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலரே மெரினாவில் உட்கார்ந்தவர்கள்தான். அதோடு வந்த 2017 விதிகளை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? எட்டடி உயரத்துக்கு இரட்டைத் தடுப்பு, கால்நடை மருத்துவர் பரிசோதனை, மாட்டுக்கு ஓய்வு இடம், பார்வையாளர் மேடைக்குப் பொதுப்பணித்துறைப் பொறியாளர் சான்று. நம் தொழில்காரன் கையெழுத்துப் போட்டால்தான் மேடையில் ஆள் ஏற முடியும். மிருகவதை என்று வழக்குப் போட்டவர்களை நாம் திட்டினோம். ஆனால் அவர்கள் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த விதிகளில் பாதி வந்திருக்காது. இதைச் சொல்வதற்காக மாமா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அது தனிக் கதை.

பிறகு கீழக்கரைக்குப் போனோம். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் 2024 ஜனவரி 24 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம். சுமார் 66 ஏக்கர், 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இங்கும் ஏறத்தாழ 5,000 பேர் உட்காரலாம், ரோண்டா மாதிரியே. ஸ்பெயின்காரன் 240 வருஷத்துக்கு முன்னால் கட்டியதை நாம் இப்போது கட்டியிருக்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. மாமா மேடையை அண்ணாந்து பார்த்தார், கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்தார். "பாக்குறவுகளுக்கு நல்லாச் செஞ்சிருக்காக மாப்ளே" என்றார். அதற்கு மேல் பேச வைக்க முடியவில்லை.

வண்டியில் திரும்பும்போது தானாகவே ஆரம்பித்தார். அரங்கம் வந்துவிட்டது, மாடு எங்கே இருந்து வரும் என்பதுதான் அவர் கவலை. அவர் வளர்ப்பது மலைமாடு.  கிடை போட்டு வயலுக்கு உரம் தருவதும் மலையில் மேய்வதுமாகவே வளர்ந்த மாடு. பருத்திவிதையும் தவிடும் போட்டுக் கொட்டகையில் அடைத்தால் உடம்பு வைக்கும், வேகம் போய்விடும். நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பின்னால் தெரிகிற மலை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. காப்பகக் காடுகளுக்குள் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாமா தாத்தாவிடம் நாற்பது உருப்படி இருந்தது. இன்று ஆறு.

இதில் யார் பக்கம் பேசுவது? காடு நன்றாக இருந்தால்தான் இந்த அணைக்குத் தண்ணீர். பிளவக்கல் பெரியாறு அணையின் உயரம் 47 அடி சொச்சம், அதை நிரப்புவது இந்த மலைதான். வத்திராயிருப்பு வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் புலிக்கும் இடம் வேண்டும். மாமாவுக்கும் இது தெரியும், அவருக்கும் ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. புலியைத் திட்ட மாட்டார். "எங்கள எங்கயாவது மேய்க்கச் சொல்லுங்க" என்பார், அவ்வளவுதான். அணையைச் சுற்றியும் கண்மாய் உள்வாயிலும் மேய்ச்சலுக்கு ஒதுக்க முடியுமா என்று வனத்துறையும் நீர்வளத்துறையும் கால்நடைத் துறையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். நம் சங்கத்தில் மூன்று துறையிலும் ஆள் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தியில் நேற்று அடுத்தடுத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

என்னால் முடிந்தது சின்ன வேலை. மாடு ஓடி முடிக்கிற இடத்தில், மூக்கில் கயிறு இல்லாத மாட்டை, மாட்டுக்காரன் தரையில் நின்று சுருக்குப் போட்டுப் பிடிக்கிறான். என் மச்சான் அடிபட்டது அங்கேதான். பெரிய ஊர்களில் அதற்கும் தடுப்பு போடுகிறார்கள். சின்ன ஊர்களில் இன்றைக்கும் வெறும் தோட்டம்தான். ரோண்டா கப்பிக் கதவை அப்படியே எடுத்து, இரும்புக் குழாயில், கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று வரைந்தேன். மாட்டுக்காரன் மேலே நிற்பான், மாடு உள்ளே வந்ததும் கதவு இறங்கும். கர்வத்தோடு மாமாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு பார்த்தார்.

"தை மாசம் பனியில கயிறு நனைஞ்சா கப்பியில சிக்கும் மாப்ளே. செயின் போடு. அப்புறம் இந்தக் கதவு விழுற சத்தத்துக்கே அடுத்த மாடு உள்ள வராது. அடியில ரப்பர் ஒட்டு."

மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "மேல ஏற ஏணி வச்சிருக்க. என்னைய மாதிரி காலு உள்ளவன் எப்பிடி ஏறுவான்?" என்றான்.

ஏணியை எடுத்துவிட்டுச் சரிவுப் பாதை போட்டு, செயின் போட்டு, ரப்பர் ஒட்டி மூன்றாம் முறை வரைந்திருக்கிறேன். பின்னால் டீ டிரம் இருக்கிற மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன். சரிவுப் பாதை போட்டதில் எடை கூடிவிட்டது, ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏறுமா என்று சந்தேகமாக இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் தயவுசெய்து பார்த்துத் தப்புக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். மாமாவும் மச்சானும் அங்கேதான் நிற்கிறார்கள், அவர்களிடமே கேட்கலாம்.