நூலகத்தில் நமக்கு ஒரு பெஞ்சு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



வாசிப்பின் அவசியம் பற்றிப் பேசச் சொன்னாங்க. அந்தத் தலைப்பில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. படிக்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்ட சனத்துக்குப் படிப்பின் அருமையை நான் வந்து எடுத்துச் சொல்லணுமா? அது நம்ம ஆத்தாவுக்கும் அப்பனுக்கும் தெரியும். வட்டிக்கு வாங்கியாவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவங்க அவங்கதான். அதனால் நான் வேறொன்றைப் பேசுகிறேன். உள்ளூர்ப் பொது நூலகத்துக்கு நம்ம ஆட்கள் எதற்காக வருகிறார்கள்? வராதவர்கள் ஏன் வரவில்லை? வங்கியில் எழுத்தராக வேலை பார்த்துவிட்டு, மாலையில் கிளை நூலகத்தில் போய் உட்காருகிறவன் நான். அங்கே கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் பெரும்பாலும் பேசப் போகிறேன்.

முதலில் செய்தித்தாள் படிக்க வருகிறவர்கள். கொத்து வேலைக்குப் போகிறவர், ஓய்வு பெற்ற துப்புரவுத் தொழிலாளி, அன்றைக்கு வேலை அமையாமல் போன இளைஞர். இவங்க எதுக்கு அரை மைல் நடந்து நூலகத்துக்கு வரணும்? தந்தி பேப்பர் டீக்கடையிலும்தானே இருக்கு? இதுக்குப் பதில் சொல்ல நூலகவியல் படிக்க வேண்டாம், டீக்கடை தெரிஞ்சா போதும். தனிக்குவளை வைத்திருந்த கடையில் பெஞ்சு யாருடையது? பேப்பர் முதலில் யார் கைக்குப் போகும்? நம்ம ஆள் கேட்டால் நடுப்பக்கம் மட்டும் கிடைக்கும். அதையும் வெளியே நின்னுக்கிட்டே படிக்கணும். காகிதக் குவளை வந்ததும் தனிக்குவளை ஒழிஞ்சு போச்சு என்கிறார்கள். குவளை மாறின இடத்திலும் பெஞ்சு மாறியதா என்று போய்ப் பாருங்கள்.

நூலகத்தில் அந்தப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரை மேசை மேல் முழுசா விரித்து வைத்து, உட்கார்ந்து படிக்கிறார். பக்கத்தில் ஊர்த் தெரு ஆசிரியர் உட்கார்ந்து அவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். இது சின்ன விஷயம் இல்லை தோழர்களே. அந்த ஆசிரியரைக் காத்திருக்க வைக்கிற இடம் ஊரில் வேறெங்கே இருக்கு? செய்தி தெரிஞ்சுக்கிறதுக்கு மட்டும் அவர் வரவில்லை. உட்கார்ந்து படிக்கிறதுக்காக வருகிறார்.

இரண்டாவது, தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். குரூப் ஃபோர், போலீஸ், ரயில்வே, வங்கித் தேர்வு. 'இவங்க எங்க புத்தகம் படிக்க வர்றாங்க? மின்விசிறிக்குக் கீழே கைடு படிக்க வர்றாங்க' என்று இலக்கியவாதிகள் சலித்துக் கொள்வதைக் கேட்டிருக்கிறேன். நம் தோழர்களிலும் சிலர், குரூப் ஃபோர் படிக்கிறவன் போராட்டத்துக்கு வரமாட்டான் என்று கிண்டல் பேசுகிறார்கள். நான் கேட்கிறேன், மின்விசிறிக்கு வந்தால் என்ன தப்பு? காலனி வீடு ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே தொலைக்காட்சி, அதிலேயே படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டி. மேசை எங்கே போடுவான்?

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைப் பாருங்கள். பம்பாய் பரேலில் ஒற்றை அறையில்தான் அந்தக் குடும்பமே இருந்தது. பள்ளி மாணவனாக இருந்தபோது அவர் சர்னி ரோடு பூங்காவில் போய் உட்கார்ந்து படிப்பார். அங்கே அவரைக் கவனித்தவர் கேலூஸ்கர் என்ற ஆசிரியர். 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவர்தான் அம்பேத்கருக்குக் கொடுத்தார். அந்தப் பிள்ளை புத்தரைத் தேடிப் பூங்காவுக்குப் போகவில்லை. படிக்க இடம் தேடிப் போனது. இடம் தேடிப் போன இடத்தில் புத்தர் வந்தார். 1956 நாகபுரி வரைக்கும் அது போனது. பின்னாளில் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் காலையில் நுழைந்து மூடுகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

ஆகவே கைடு படிக்க வருகிறவனைக் கிண்டல் செய்யாதீர்கள். அவன் கைடு எடுக்கிற அடுக்குக்குப் பக்கத்து அடுக்கில் என்ன இருக்கு என்பதைக் கேளுங்கள். அம்பேத்கர் நூல் தொகுப்பு தமிழில் 37 தொகுதிகள் வந்திருக்கு. உங்கள் ஊர் நூலகத்தில் எத்தனை இருக்கு? இருப்பது கையெட்டும் உயரத்தில் இருக்கா, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருக்கா?

மூன்றாவது, வராதவர்கள். நம் பெண்கள். இதைச் சங்கடத்தோடுதான் சொல்லணும். தம்பியிடம் சீட்டு எழுதிக் கொடுத்து நாவல் எடுத்து வரச் சொல்கிற அக்காக்கள் எல்லாத் தெருவிலும் இருக்காங்க. அவங்க நல்ல வாசகிகள். ஒரு நாவலை இரண்டு நாளில் முடித்து அடுத்ததைக் கேட்கிறவங்க. ஆனா நூலகத்துக்குள் அவங்க காலடி பட்டதில்லை. கழிப்பறை கிடையாது. வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு பையன்கள் நிற்பான்கள். ஊர்த் தெரு வழியாகப் போகணும், இருட்டிய பிறகு திரும்பணும். போதாததற்கு, 'பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன வேலை' என்று கேட்கிறது நம்ம வீட்டு ஆம்பளையே. மேடையில் பெண் விடுதலை பேசுகிற தோழர்களே, உங்கள் தங்கச்சி பேரில் நூலக அட்டை இருக்கா?

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். சென்னை பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். அதன் பின்னால் இருந்த உழைப்பு சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனுடையது. புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பதை 1931-லேயே நூலக விதிகளில் முதல் விதியாக வைத்தவர் அவர். இந்த நூலகங்கள் யார் காசில் நடக்கின்றன? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக இருக்கும். அதாவது, தர்மத்துக்கு யாரோ கட்டி வைத்த சத்திரம் அல்ல நூலகம். நாமும் காசு கொடுத்து நடக்கிற இடம்.

பொது என்ற சொல்லையும் நாம் சும்மா வாங்கவில்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாம் ஆதி திராவிடருக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றத்தில் 1924-ல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தவர் ரெட்டைமலை சீனிவாசன். மகாத் குளத்தில் 1927-ல் அள்ளிய தண்ணீரும் இதே சொல்லுக்காகத்தான். அரசுப் பணத்தில் நடக்கிற பொது இடங்களில் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது.

சட்டம் இருந்தும் தடை இருக்கு. யாரும் வாசலில் நின்று தடுப்பதில்லை, கட்டடம் எங்கே நிற்கிறது என்பதே தடுக்குது. கோயிலுக்குப் பக்கத்திலோ, ஊர்ப் பெரிய தெருவிலோ நூலகத்தைக் கட்டி வைத்தால் சேரிப் பிள்ளை அந்தத் தெருவைத் தாண்டி வரணும். செருப்பைப் பற்றிக் கேட்காவிட்டாலும், 'யார் வீட்டுப் பையன்டா நீ' என்று திண்ணையிலிருந்து ஒருத்தன் கேட்பான். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வராது. பிறகு 'இவங்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை' என்று எழுதிவிடுவார்கள். இன்னொரு தடை உறுப்பினர் அட்டை. முகவரிச் சான்றும் காப்புத் தொகையும் கேட்பார்கள். கடன் கொடுக்கிற வங்கி பிணை கேட்கிறது, அது என் வேலை, எனக்குத் தெரியும். புறம்போக்கில் குடியிருக்கிறவன் ஒரு கதைப் புத்தகத்துக்கு எந்தப் பட்டாவைக் காட்டுவான்?

நூலகம் மட்டும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு பரோடாவை ஞாபகப்படுத்துகிறேன். 1910-லேயே அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்து, சமஸ்தானம் முழுக்க இலவசப் பொது நூலகங்களைத் தொடங்கியவர் மன்னர் சாயாஜிராவ். அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தவரும் அவரே. அதே பரோடாவுக்கு 1917-ல் வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். நாட்டிலேயே நல்ல நூலகங்கள் இருந்த ஊரின் நிலைமை இது.

அப்படியானால் சேரியிலேயே நமக்கென்று படிப்பகம் வைத்துக்கொள்ளலாமே என்று தோழர்கள் கேட்கிறார்கள். வைக்கணும். அம்பேத்கர் மன்றமும் இரவுப் பள்ளியும் வளர்த்த பிள்ளைகள்தான் நாமெல்லாம். ஆனால் அதைக் காட்டி, 'உங்களுக்குத்தான் அங்க ஒண்ணு இருக்கே' என்று பொது நூலகத்தின் கதவைச் சாத்தவிடக் கூடாது. அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரியா நகரில் 1939 ஆகஸ்ட் 21 அன்று கறுப்பு இளைஞர்கள் ஐந்து பேர் வெள்ளையர் நூலகத்துக்குப் போனார்கள். அட்டை கேட்டார்கள், மறுக்கப்பட்டது. ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் படித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. அடுத்த வருஷம் நகராட்சி என்ன செய்தது? கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன நூலகம் திறந்தது. அந்தப் போராட்டத்தை ஏற்பாடு செய்த வழக்கறிஞர் சாமுவேல் டக்கர், தனி நூலகத்தின் அட்டை எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். தனிக்குவளையைப் பார்த்தவர்களுக்கு இந்த மறுப்பை விளக்கத் தேவையில்லை.

பொது நூலகத்தை நாம் விட்டுவிட்டால் இன்னொரு நட்டமும் உண்டு. நம் எழுத்து அங்கே போகாது. அயோத்திதாச பண்டிதர் 1907 முதல் 1914-ல் சாகும்வரை வாரா வாரம் தமிழன் இதழ் நடத்தினார். அந்த இதழ்களைத் தனி மனிதர்கள் வீட்டில் கட்டிக் காத்தார்கள். அதனால்தான் 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவர முடிந்தது. ஒரு கரையான் புற்று வந்திருந்தால் ஒரு சிந்தனையாளரே இல்லாமல் போயிருப்பார். நம் சிறுபத்திரிகைகளும் இன்று அதே மாதிரிப் பரணில்தான் கிடக்கின்றன.

ஆகவே கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இந்த மாதமே உங்கள் நூலகத்தில் உறுப்பினராகுங்கள், வீட்டுப் பெண்களையும் சேருங்கள். முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு அதை வாங்கித் தருவதை இயக்க வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டிய நூல்களின் பட்டியலை எழுதிக் கொடுங்கள். ஒருத்தர் எழுதினால் காகிதம், முப்பது பேர் எழுதினால் கோரிக்கை. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டிய நூலகம் உங்கள் ஊரில் பூட்டிக் கிடந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். புதிதாகக் கட்டுவதாக இருந்தால் எந்தத் தெருவில் என்று முதலில் கேளுங்கள். ஊருக்கும் சேரிக்கும் பொதுவான சாலையில் கட்டச் சொல்லுங்கள். கழிப்பறையோடு கட்டச் சொல்லுங்கள். குறைந்த ஊதியத்தில் ஒற்றை ஆளாகத் திறந்து மூடுகிற நூலகரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவரைக் கூட வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அதுவரைக்கும் தினமும் போய் உட்காருங்கள். கைடு படியுங்கள், கதை படியுங்கள், சும்மா பேப்பர் புரட்டுங்கள். எழுந்து இடம் விடச் சொல்கிற உரிமை அங்கே யாருக்கும் இல்லை.